டெக்ஸஸ் ஹில் கன்ட்ரியில் மான் வேட்டைக்கு 25 ஏக்கர்: கையெழுத்துக்கு முன் என்னென்ன பார்க்கணும்?

மணல்தெரு_டல்லாஸ் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஹில் கன்ட்ரி என்ற மத்திய டெக்ஸஸ் குன்றுப் பகுதியில், மேசன் கவுண்டியில் 25 ஏக்கர் ஒன்று பார்த்திருக்கிறோம். பெரிய ரான்ச் (மேய்ச்சல் பண்ணை) ஒன்றைப் பிரித்து விற்கிறார்கள், அதில் ஒரு துண்டு. நவம்பர், டிசம்பரில் மான் வேட்டை, மற்ற மாதங்களில் பிள்ளைகளோடு கூடாரம் போட்டுத் தங்குவது, பின்னாளில் ஒரு சின்ன கேபின். இதுதான் திட்டம். நான் எச்1பி வேலை விசா, மனைவி எச்4 குடும்ப விசா.

விவரம்: தெற்கு வடக்காக நீண்ட துண்டு. அகலம் சுமார் 330 அடி, நீளம் சுமார் 3,300 அடி. கேட் தெற்குக் கடைசியில் இருக்கிறது. கவுண்டி ரோட்டிலிருந்து அங்கே வர இன்னொருவர் நிலத்தின் வழியாக இரண்டு கேட் தாண்ட வேண்டும். வடக்கே பக்கத்து நிலத்தில் 8 அடி வேலி. கிணறு இல்லை, கரண்ட் கவுண்டி ரோடு வரைதான். "ஏஜி எக்ஸெம்ப்ட்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு 12,000 டாலர் கேட்கிறார்கள். ஆப்ஷன் பீரியட் (காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய காலம்) 10 நாள் தருவதாகச் சொல்கிறார்கள்.

மான் நிறைய இருக்கிறது என்று ஏஜென்ட் கேமரா படங்கள் அனுப்பியிருக்கிறார். இதில் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கேட்டால் விற்பவர் தயங்குவார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வேலிக்கம்பம்

கேமரா படத்தை நம்பி விலை பேசாதீங்க. சோளம் கொட்டுற ஃபீடர் முன்னாடி வெச்ச கேமரால எந்த நிலத்துலயும் மான் விழும். டெக்ஸஸ்ல காட்டு விலங்கு மாநில மக்களோட சொத்து, நில உரிமையாளரோடது இல்ல. வைட்டெயில் மான் ஒன்னு சுத்தி வர்ற பரப்பே சில நூறு ஏக்கர். கிடா மான் சேர்க்கைக் காலத்துல ஒரு சதுர மைலையும் தாண்டிப் போகும், அது 640 ஏக்கர். உங்க 25 ஏக்கர் அதோட வழித்தடத்துல ஒரு ஓரம், அவ்வளவுதான். அதனால நீங்க காசு கொடுத்து வாங்குறது முக்கியமா அக்கம்பக்கத்தைத்தான். நாலு பக்கமும் யாரு, எவ்வளவு ஏக்கர் வெச்சிருக்காங்க, எப்படிச் சுடுறாங்க, ஆடு மாடு எவ்வளவு விடுறாங்கன்னு தெரியணும். கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து வரிக்கு நிலத்தை மதிப்பிடுற அலுவலகம்) இணையப் படத்துல உரிமையாளர் பேரும் ஏக்கரும் இலவசமாவே கிடைக்கும். இதே ரான்ச்சை எத்தனை துண்டாப் பிரிச்சிருக்காங்கன்னும் அதுலயே எண்ணிப் பாருங்க. எட்டுத் துண்டு, எட்டு வேட்டைக் குடும்பம், ஆளுக்கு ரெண்டு ஃபீடர்னு வந்துட்டா, ரெண்டு சீசன்ல மான் பகல்ல வெளிய வர்றதையே நிறுத்திடும்.

வடக்கே 8 அடி வேலின்னா அந்தப் பக்கத்துலேர்ந்து உங்களுக்கு ஒரு மானும் வராது. நாலடி வலை வேலியை மான் சாதாரணமாத் தாண்டும், எட்டடியைத் தாண்டாது. ஆனா அந்த வேலி ஓரமாவே மான் நடந்து பழகியிருக்கும். மண்ணுல குளம்புத் தடம் ஒற்றையடிப் பாதையா ஓடுதான்னு பாருங்க. ஓடினா வேலி உங்களுக்குச் சாதகம். இல்லேன்னா வடக்குக் கடைசி ஏக்கர்கள் வேட்டைக்கு உதவாது.

பகல்ல நடந்து போய் மரங்களைப் பாருங்க. தரையிலேர்ந்து நாலஞ்சு அடி வரைக்கும் இலையே இல்லாம, கத்தரிக்கோல் வெச்ச மாதிரி ஒரே மட்டத்துல கோடு தெரிஞ்சா அங்க மான் கூட்டம் தீனிக்கு மீறிப் போச்சுன்னு அர்த்தம். எண்ணிக்கை நிறைய இருக்கும், உடம்பும் கொம்பும் இருக்காது. ஹில் கன்ட்ரி மானே சின்ன உருவம்தான், அங்க இன்னும் சின்னதாயிடும்.

நிலத்தோட வடிவம்தான் எனக்குப் பெரிய உறுத்தல். 25 ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் 1,043 அடி, அதாவது 348 கெஜம். உங்களுது அகலத்துல 110 கெஜம்தான். டெக்ஸஸ்ல வேட்டையில சுட்ட குண்டு உங்க எல்லையைத் தாண்டினாலே குற்றம், அடுத்த நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதி இருந்தா மட்டும் வேற. 308 ரைஃபிள் குண்டு இலக்கு தவறினா ரெண்டு மைலுக்கு மேல போகும். அதனால கிழக்கு மேற்கா சுடவே முடியாது. நீளவாக்குல மட்டும், அதுவும் உயரமான ப்ளைண்ட்லேர்ந்து (ஒளிஞ்சு உக்காந்து சுடுற மறைவிடம்) கீழ்நோக்கி, குண்டு மண்ணுல இறங்குற மாதிரிதான் சுடலாம். அடிபட்ட மான் 60 கெஜம் ஓடினாலே பக்கத்து நிலம். அங்க அனுமதி இல்லாம காலடி வைக்கக் கூடாது, மான் உங்களுதுன்னாலும். அதனால அந்த ரெண்டு பக்கத்துக்காரங்க கிட்ட வாங்குறதுக்கு முன்னாடியே பேசி, அடிபட்ட மானைத் தேடி வர அனுமதிப்பாங்களான்னு கேட்டுடுங்க. சில பேர் கண்டிப்பா முடியாதும்பாங்க. அது தெரிஞ்சா விலையே வேற.

---

பட்டாவும்_படமும்

நிலத்தை வேலிக்கம்பம் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

முதலில் வழி. இரண்டு கேட் தாண்டி வருகிறீர்கள் என்றால் அந்த நிலத்தின் மேல் பதிவான ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தின் வழியே செல்லும் உரிமை) பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். "இத்தனை வருஷமாக எல்லாரும் இப்படித்தான் போகிறோம்" என்பது வெறும் அனுமதி. அந்த நிலம் கைமாறினால் புது ஆள் பூட்டைப் போட்டுவிடலாம், நீங்கள் வழக்குப் போட வேண்டியிருக்கும். பத்திரத்தில் மூன்று விஷயம் பாருங்கள். அகலம் எத்தனை அடி? 30 அடியாவது வேண்டும், போர்வெல் வண்டி திரும்ப வேண்டும். போக்குவரத்தோடு மின்சார, நீர் இணைப்புகளுக்கும் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் மின் கூட்டுறவு அந்த நிலத்தில் கம்பம் நடாது, உங்கள் கேபின் சோலார்தான். ரோட்டுப் பராமரிப்புச் செலவு யார் தலையில்? மழை ஒன்று பெய்தால் கலிச்சி (சுண்ணாம்பு மண்) ரோடு கரைந்துவிடும். அதே பத்திரத்தில் உங்கள் நிலத்தின் வழியாகப் பின்னாலிருக்கும் துண்டுகளுக்கு யாருக்காவது வழி கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சீசனில் விடியற்காலை ஆறு மணிக்கு உங்கள் ப்ளைண்ட் முன்னால் நான்கு வண்டி போனால் இந்த நிலத்தை வாங்கிப் பயனில்லை.

டைட்டில் கம்பெனி (நில உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தருபவர்கள்) தரும் கமிட்மென்ட்தான் நம் ஊர் வில்லங்கச் சான்றிதழுக்கு இங்கே இணை, ஆனால் அதைவிட ஆழமாகப் படிக்க வேண்டியது. ஷெட்யூல் பி முழுவதும் விதிவிலக்குகள், அதாவது காப்பீடு எதற்கெல்லாம் பொறுப்பேற்காது என்ற பட்டியல். அதில் குறிப்பிடும் ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள், இலவசமாகத் தருவார்கள். ரான்ச்சைப் பிரித்து விற்பவர்கள் வழக்கமாகத் தனி நிபந்தனைகள் பதிவு செய்வார்கள்: ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்தக் கூடாது, இத்தனை ஏக்கருக்கு ஒரு மான்தான், எல்லையிலிருந்து இத்தனை அடிக்குள் ப்ளைண்ட் கூடாது, சில இடங்களில் வில் வேட்டை மட்டும். உங்கள் அகலம் 330 அடிதான் என்பதால் ப்ளைண்ட் தூர நிபந்தனை இருந்தால் அதை வைக்க இடமே இல்லாமல் போகலாம். காப்பீடு "வழிக்கு உரிமை உண்டு" என்றுதான் சொல்லும், அந்த வழியில் வண்டி போகும் என்று சொல்லாது. வழியில் தாழ்வான ஓடைக் கடப்பு இருந்தால் ஃபீமா (மத்தியப் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ள வரைபடத்தையும் பாருங்கள். 2025 ஜூலை 4 அன்று ஹில் கன்ட்ரியில் குவாடலூப் ஆறு ஏறியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி வெள்ளத்தின் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. ஓடைக்கு அருகில் கூடாரமோ கேபினோ வேண்டாம், பிள்ளைகள் வருகிறார்கள்.

சர்வே புதிதாக எடுங்கள். பழைய ரான்ச் வேலிகள் எல்லையில் இருப்பதில்லை, மாடு போக வசதியான இடத்தில் இருக்கும். 330 அடி அகலத்தில் 20 அடி தள்ளியிருந்தால் ஒன்றரை ஏக்கர் போய்விடும். புது சர்வே இருந்தால் கூடுதல் பிரீமியம் கட்டிக் காப்பீட்டில் எல்லைத் தகராறு விதிவிலக்கைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். 10 நாளில் சர்வேயர் வந்து முடிப்பது கடினம். ஆப்ஷன் பீரியடை 30 நாளாகக் கேளுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இதற்குத்தான் விற்பவர் தயங்குவார்.

மினரல்: டெக்ஸஸில் கனிம உரிமை நில உரிமையிலிருந்து தனியாகப் பிரிந்திருப்பது சாதாரணம், பிரிந்திருந்தால் கனிமக்காரர் கை ஓங்கியிருக்கும், தேவையான அளவு உங்கள் நிலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் எண்ணெயைவிட மணல் முக்கியம். ஹிக்கரி மணற்கல்லை ஃப்ராக்கிங் எனும் எண்ணெய்க் கிணற்று வேலைக்காக வெட்டி எடுக்கிறார்கள். மணல், சரளை, சுண்ணாம்புக்கல் பொதுவாக நிலத்துக்காரருக்கே சேரும், விற்பவர் பத்திரத்தில் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளாத வரை. அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் உரிமைக்கும் இதே கதைதான்.

"ஏஜி எக்ஸெம்ப்ட்" என்பது உங்களுக்குத் தானாக வராது. அது விலக்கு அல்ல, வேளாண் மதிப்பீடு, அதாவது சந்தை விலைக்குப் பதில் விவசாய வருமானத்தை வைத்து வரி போடுவது. உரிமையாளர் மாறினால் உங்கள் பெயரில் 50-129 படிவத்தை மே 1-க்கு முன் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சந்தை மதிப்பு 3 லட்சம், வரி விகிதம் 1.5 சதவீதம் என்று வைத்தால் வருடம் 4,500 டாலர். வேளாண் மதிப்பீட்டில் அது சில பத்து டாலராகிவிடும். நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் பின்னோக்கி 3 வருட வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், 2019 வரை இது 5 வருடமாக இருந்தது. கேபின் கட்டும் ஒரு ஏக்கருக்கு இது எப்படியும் வரும்.

மாடு வேண்டாம், மானுக்காகவே வைத்துக்கொள்கிறேன் என்றால் வனவிலங்கு மேலாண்மைக்கு மாறலாம். நிலம் ஏற்கெனவே வேளாண் மதிப்பீட்டில் இருந்தால்தான் அது முடியும். வாழிடப் பராமரிப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணி விலங்குக் கட்டுப்பாடு, கூடுதல் நீர், கூடுதல் தீனி, தங்குமிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் குறைந்தது மூன்றைச் செய்து காட்ட வேண்டும். வெறும் சோளம் கொட்டுவதைத் தீனி என்று அதிகாரிகள் ஏற்பதில்லை, புரதத் தீவனம் வேண்டும். உங்களுக்கு உள்ள சிக்கல் இது: பெரிய நிலத்திலிருந்து முந்தைய வருடத்தில் பிரிந்த துண்டு என்றால் குறைந்தபட்ச ஏக்கர் விதி ஒன்று குறுக்கே வரும். சில கவுண்டிகளில் 25 ஏக்கர் அதில் தேறாது. மேசன் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போன் செய்து இந்தத் துண்டு எண்ணைச் சொல்லியே கேளுங்கள். தேறாது என்றால் பக்கத்துக்காரருக்கு மேய்ச்சல் குத்தகை எழுதிக் கொடுத்துத் தொடருங்கள். தேனீப் பெட்டி யோசனையைப் பலர் சொல்வார்கள், சட்டத்தில் அது 5 முதல் 20 ஏக்கர் வரைக்கும்தான், உங்கள் 25 முழுவதற்கும் பொருந்தாது.

---

சான்சபா_ஓடை

எச்1பி என்று எழுதியிருப்பதால் மூன்று விஷயம். இதை யாரும் நிலம் விற்கும்போது சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, நிலம் வாங்கத் தடை இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் டெக்ஸஸில் நடைமுறைக்கு வந்த, வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுக்கும் எஸ்பி 17 சட்டம் சீனா, ஈரான், வடகொரியா, ரஷ்யா ஆகிய நாடுகளைப் பற்றியது. ஆனால் 1978-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் ஒன்று, அஃபிடா என்பார்கள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவம் கொடுக்கச் சொல்கிறது. 10 ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலமாக இருந்த துண்டு இதில் வரும், உங்களுடையது வரும். பூர்த்தி செய்வது எளிது, கவுண்டிக்கான எஃப்எஸ்ஏ (மத்திய வேளாண் துறையின் பிரிவு) அலுவலகத்தில் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. கொடுக்காமல் விட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகும். தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

இரண்டு, துப்பாக்கி. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி தடை, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் மட்டும் விலக்கு. கடையில் 4473 படிவத்தில் இதற்கென்றே கேள்வி உண்டு, உரிமத்தைக் காட்ட வேண்டும். பலர் தவறுவது இதற்குப் பிறகு. டெக்ஸஸ் உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று புது உரிமம் இல்லாமல் அலமாரியில் ரைஃபிள் இருந்தால் அது மத்தியக் குற்றம், விசாவும் போகும். ஆகஸ்ட் 15-லிருந்து புது வருட உரிமம் விற்பனைக்கு வரும், அன்றே வாங்கிவிடுங்கள். எச்4-ல் இருக்கும் மனைவிக்கும் இதே விதிதான். அவர் கையில் எடுப்பதானால் அவர் பெயரில் தனி உரிமம் வேண்டும். அலமாரிச் சாவி அவரிடம் இருக்கலாமா என்பது போன்ற நுணுக்கங்களைக் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், இதில் பணத்தைப் பார்க்காதீர்கள்.

1971 செப்டம்பர் 2 அன்றோ பிறகோ பிறந்தவர் அனைவருக்கும் வேட்டைப் பயிற்சிச் சான்று கட்டாயம். 17 வயது முடிந்தவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். மாநிலத்தில் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வசித்தால் உரிமத்துக்கு உள்ளூர்க்காரர் கட்டணம்தான், வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு.

மூன்று, கடன். வீட்டுக் கடன் வங்கிகள் வெறும் நிலத்துக்கு வருவதில்லை. ஃபார்ம் கிரெடிட் என்ற விவசாய நிலக் கடன் நிறுவனங்கள் தரும், 20 சதவீதமாவது கையிலிருந்து போட வேண்டும், விசா நிலையைப் பார்த்து அதிகம் கேட்கலாம். "ஓனர் ஃபைனான்ஸ்" (விற்பவரே தவணையில் விற்பது) என்று வந்தால் பத்திரம் முதல் நாளே உங்கள் பெயருக்கு மாறுகிறதா என்று பாருங்கள். கடைசித் தவணைக்குப் பிறகுதான் மாறும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

மணல்தெரு_டல்லாஸ்

மூவருக்கும் மிக்க நன்றி. அஃபிடா என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். விற்பவர் 25 நாளுக்கு ஒத்துக்கொள்வார் போலிருக்கிறது. தண்ணீர் பற்றிச் சொல்லுங்கள். நிலத்தின் தென்பாதியில் சிவப்பு மணல், வடபாதியில் இளஞ்சிவப்புக் கருங்கல் பாறை வெளியே தெரிகிறது. மரம் ஓக்கும் சீடரும். இன்னொன்று, கேட் தெற்கே இருப்பது வேட்டைக்குப் பிரச்சினையா?

---

சான்சபா_ஓடை

நீங்கள் சொல்லும் மண்ணே பாதி பதில். சிவப்பு மணல் ஹிக்கரி மணற்கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம், அதில் நல்ல நீர் கிடைக்கும். கிரானைட் பகுதியில் நீர் வெடிப்புகளில் மட்டும்தான் இருக்கும், ஆழமாகப் போட்டும் வறண்ட துளை கிடைப்பது சகஜம். அதனால் கேபினைத் தென்பாதியில் யோசியுங்கள். டெக்ஸஸ் நீர் வளர்ச்சி வாரியத்தின் இணைய வரைபடத்தில் சுற்றியுள்ள கிணறுகளின் ஆழமும் நிமிடத்துக்கு எத்தனை காலன் என்ற அளவும் துளையிட்டவர் அறிக்கையோடு இருக்கும். ஒரு மைலுக்குள் இருக்கும் கிணறுகளைப் பார்த்துவிட்டுத்தான் துளையிடுபவரிடம் விலை கேளுங்கள்.

10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வீட்டுக்கும் கால்நடைக்கும், நாளுக்கு 25,000 காலன் மிகாத கிணற்றுக்கு அனுமதி விலக்கு உண்டு, ஆனால் ஹிக்கரி நிலத்தடி நீர் மாவட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். ஹிக்கரி நீரில் இயற்கையாகவே ரேடியம் இருப்பது தெரிந்த விஷயம். குடிக்கும் முன் ஆய்வகத்தில் ரேடியம் 226, 228 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், குடிநீர் வரம்பு லிட்டருக்கு மொத்தம் 5 பிக்கோகியூரி. கூடினால் ஆர்ஓ போட்டால் போதும். முதல் ஒன்றிரண்டு வருடம் கிணறே வேண்டாம் என்றால் கூரை நீர் பிடியுங்கள். ஆயிரம் சதுர அடித் தகரக் கூரைக்கு ஓர் அங்குல மழையில் சுமார் 600 காலன். அதிலேயே மானுக்கு ஒரு தொட்டி வைத்தால் வனவிலங்கு மேலாண்மையில் "கூடுதல் நீர்" கணக்கிலும் சேரும்.

ஓக் மரங்களின் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பழுப்பாகி மற்ற பகுதி பச்சையாக இருந்தால் ஓக் வில்ட் நோய். வேர் வழியாகப் பரவும், ஒரு வட்டமாக மரங்கள் சாகும். அந்த மரங்களின் காய்தான் இலையுதிர்காலத்தில் மானுக்கு முக்கியத் தீனி, நிழலும் அதுதான், போனால் நிலத்தின் மதிப்பே போய்விடும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கை வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது, மற்ற மாதங்களில் வெட்டினாலும் உடனே பெயின்ட் அடிக்க வேண்டும். சீடரை மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்று எந்திரக்காரர் சொல்வார். உரிந்து தொங்கும் பட்டையுள்ள முதிர்ந்த சீடரும் ஓக்கும் கலந்த தோப்பை விட்டுவிடுங்கள். 1990-லிருந்து அழியும் நிலைப் பட்டியலில் இருக்கும் கோல்டன்-சீக்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை அந்தப் பட்டையைக் கொண்டுதான் கூடு கட்டும், உலகிலேயே மத்திய டெக்ஸஸில் மட்டும்தான்.

---

வேலிக்கம்பம்

கேட் விஷயம்: அந்தப் பக்கம் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குக் காத்து. நீங்க தெற்கு கேட்டுல இறங்கி நடந்தா உங்க வாசனை மொத்த 3,300 அடிக்கும் முன்னாடி போய்ச் சேர்ந்துடும். அதனால அது குளிர்காத்து இறங்கின மறுநாள் வேட்டையாடுற நிலம். வடக்குக் காத்துல நீங்க எதிர்க்காத்துல உள்ள போறீங்க, அதுக்கு அந்த கேட் சரியான இடத்துல இருக்கு. தென்கிழக்குக் காத்து நாள்ல போயே ஆகணும்னா மேற்கு ஓரமா நடங்க, வாசனை பக்கத்து நிலத்துப் பக்கம் போகும்.

ஃபீடரை நடு நிலத்துல வைங்க, எல்லைக்குப் பக்கத்துல வேண்டாம், பக்கத்துக்காரரோட உறவு கெடும். அதுக்குத் தெற்கே 80 லேர்ந்து 100 கெஜத்துல தரையிலேர்ந்து 10 அடி உயர ப்ளைண்ட், ஜன்னல் வடக்கு பார்த்து. ஃபீடரைச் சுத்தி 34 அங்குல உயரக் கம்பி வலை வேலி போடுங்க, ஒரு பக்கத்துக்கு 16 அடிக்குக் குறையாம. மான் தாண்டி உள்ள வரும், காட்டுப்பன்னி வராது. அடைப்பு சின்னதா இருந்தா மான் உள்ள குதிக்கத் தயங்கும். பன்னியைச் சுட 2019 செப்டம்பர்லேர்ந்து வேட்டை உரிமம் தேவையில்ல, ஆனா சான்சபா சொன்ன மாதிரி உங்க விசாவுக்கு துப்பாக்கி கையில இருக்கணும்னாலே உரிமம் வேணும்.

எல்லை மரத்துலயும் கம்பத்துலயும் ஊதா பெயின்ட் அடிச்சுடுங்க, டெக்ஸஸ்ல அது "அத்துமீறி நுழையாதே" பலகைக்குச் சமம். கோடு செங்குத்தா 8 அங்குலம் நீளம், 1 அங்குலம் அகலம், தரையிலேர்ந்து 3 அடிக்கும் 5 அடிக்கும் நடுவுல. மரக்காடுன்னா 100 அடிக்கு ஒன்னு, திறந்த நிலம்னா 1,000 அடிக்கு ஒன்னு போதும். புது சர்வே முடிஞ்சு சர்வேயர் கொடி நட்ட பிறகு அடிங்க, பழைய வேலியைப் பார்த்து அடிச்சுடாதீங்க.

விலை பேசும்போது அந்த 330 அடி அகலத்தைத்தான் முன்னாடி வைங்க. பக்கத்துத் துண்டு இன்னும் விக்கலேன்னா ரெண்டுக்கும் சேர்த்து என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. 660 அடி அகலம் கிடைச்சா ரெண்டு காத்துக்கும் ரெண்டு ப்ளைண்ட் வைக்கலாம், அடிபட்ட மான் உங்க நிலத்துலயே விழ வாய்ப்பும் கூடும். கட்டுப்படி ஆகலேன்னா இதே துண்டை இந்த விலைக்கு வாங்காதீங்க. அதே கவுண்டில ஒரு சீசன் லீஸ் எடுத்து வேட்டையாடிட்டு, சதுர வடிவத் துண்டு விலைக்கு வர்ற வரைக்கும் பாருங்க.